முடிவிலி ஓர் எண் அல்ல

மார்ச் 3, ஞாயிறு

நேற்றைய நாளிதழில் என்னைப் பற்றி வந்த செய்தியில் மூன்று தவறுகள்.

ஒன்று, என் வயது எழுபத்தொன்பது அல்ல, எண்பத்தொன்று. இரண்டு ஆண்டுகளைக் குறைத்தால் மகிழ்வேன் என்று அந்த நிருபர் நினைத்திருக்க வேண்டும். இரண்டு, நான் “கம்ப்யூட்டர் விளையாட்டுகளை எதிர்த்துப் போராடும் மூதாட்டி” அல்ல. எதையும் எதிர்த்து நான் போராடவில்லை. ஒரு பக்கக் கடிதம் ஒன்று எழுதினேன், அதுவும் ஒரு கணக்குப் பிழையைப் பற்றி. மூன்று, என்னை “சயாம் மரண ரயில் பாதையில் தந்தையைப் பறிகொடுத்தவர்” என்று போட்டிருக்கிறார்கள். அப்பா 1979-இல் தம் கட்டிலில், இருமலோடு இறந்தார். “உங்க பக்கத்திலிருந்து யாராவது சயாமுக்குப் போனாங்களா?” என்று நிருபர் கேட்டார். “எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து போனார்கள்” என்றேன். மீதியை அவரே எழுதிக்கொண்டார்.

முதல் இரண்டு தவறுகளையும் திருத்தும்படி ஆசிரியருக்கு இன்று எழுதிவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். ஈப்போவின் பழைய ரயில் நிலைய மண்டபத்தில் கண்காட்சி என்று அழைப்பு வந்தது. என் கணவர் தாப்பா ரோட்டில் நிலைய அதிபராக இருந்தவர் என்பதால், இறந்து ஆறு ஆண்டுகள் ஆன பின்னும் ரயில்வேயின் அழைப்பிதழ்கள் என் பெயருக்கு வருகின்றன. அங்கே ஒரு மேசையில் புதிய விளையாட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். பெயர், “நதியோரத் தண்டவாளம்.” விளையாடுபவர் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டு வழியே ரயில் பாதை போட வேண்டும், போரின்போது ஜப்பான்காரன் போட்டதுபோல. நானூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். ஒரு சுற்று என்பது பத்து நாள்.

வெள்ளைக்காரக் கைதிகள் ஒவ்வொருவருக்கும் முகம் உண்டு, பெயர் உண்டு. இறந்தால் ஒரு சிலுவை முளைக்கிறது, மணி ஒலிக்கிறது. திரையின் ஓரத்தில் இன்னொரு கட்டம். “உள்ளூர் உழைப்பு” என்று எழுதி, எதிரே படுத்துக் கிடக்கும் எட்டு. முடிவிலிக் குறி. நம் ஆட்களை எத்தனை பேரை வேண்டுமானாலும் அனுப்பலாம், குறையவே மாட்டார்கள். இறந்தால் மணி இல்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கான்வென்ட்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். முடிவிலி ஓர் எண் அல்ல என்பதை மூன்றாம் படிவப் பெண்களுக்குக்கூட மண்டையில் ஏற்றியிருக்கிறேன். அதைத்தான் நாளிதழுக்குக் கடிதமாக எழுதினேன்.

மாலையில் பக்கத்து வீட்டுத் திருமதி தங்கராசு வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். “என்ன டீச்சர், கம்ப்யூட்டர்ல சூது ஆடுறீங்களாமே? பசார்ல பேசிக்கிறாங்க.” பதில் சொல்லாமல் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அதுவும் பசாருக்குப் போயிருக்கும்.

மார்ச் 5, செவ்வாய்

குழாய்க்காரன் வரவில்லை. வாளி வைத்திருக்கிறேன்.

மார்ச் 7, வியாழன்

குழாய்க்காரனுக்குப் பதிலாக ஒரு பெண் வந்தாள். முப்பத்தெட்டு வயது இருக்கும். ஆண்பிள்ளைச் சட்டை, முதுகில் ஒரு பை.

“டீச்சர், நான் ரூபிணி. அந்த விளையாட்ட வடிவமைச்சது நான்தான். அந்தக் குறிய வெச்சதும் நான்தான். திட்டணும்னா நேராவே திட்டிருங்க.”

“உட்கார். செருப்பை வெளியே விடு.”

“விட்டுட்டேன் டீச்சர்.”

விட்டிருந்தாள். சரியாக, ஜோடியாக. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

கோப்பி கொடுத்தேன். ஏன் அந்தக் குறி என்று கேட்டேன். அவள் சொன்ன காரணத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

“கைதிங்களுக்குப் பட்டாளத்துல பதிவு இருக்கு டீச்சர். பேரு, ஊரு, செத்த தேதி, எல்லாம். நம்ம ஆளுங்களுக்கு ஒன்னும் இல்ல. எத்தனை பேர் போனாங்கன்னே இன்னிக்கு வரைக்கும் யாராலும் உறுதியா சொல்ல முடியல. இருவது தோட்டத்துக்குப் போய்க் கேட்டேன். ஒரு பேரு லிஸ்ட்டுகூடக் கிடைக்கல. பொய்ப் பேரு வெக்க மனசு வரல. எண் வெக்கலாம்னா, எந்த எண்? அதான் அந்தக் குறிய வெச்சேன்.”

“தெரியாது என்பதற்கு முடிவிலி என்று பொருளா?”

“இல்லதான்.”

“பிறகு?”

“பிறகு என்ன டீச்சர், தப்புதான். ஆனா எட்வின் ஒத்துக்க மாட்டாரு லா.”

எட்வின் சியா என்பவர் அந்த நிறுவனத்தின் முதலாளி. அவருக்கு இரண்டு தடைகளாம். முதலாவது, ஆட்களுக்கு எல்லை வைத்தால் பாதையை யாராலும் முடிக்க முடியாது; முடிக்க முடியாத விளையாட்டை எவன் வாங்குவான்? இரண்டாவது, வெளிநாட்டில் இதை வெளியிடுபவர்கள் உண்மையான ஆவணம் இல்லாமல் எந்தப் பெயரையும் சேர்க்க விடமாட்டார்கள். ஏப்ரல் 12-இல் விளையாட்டைப் பூட்டிவிடுவார்கள். அதன் பிறகு ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

“முதல் தடையை நான் உடைக்கிறேன். எல்லை வைத்து எனக்கு ஒன்று செய்து கொடு. நான் முடித்துக் காட்டுகிறேன்.”

சிரித்தாள். “நீங்களா டீச்சர்? இதுக்கு முன்னாடி ஏதாவது விளையாடியிருக்கீங்களா?”

“பாண்டி.”

இரண்டாவது தடையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது கேட்டாள்: “உங்க அப்பா பேரு என்ன டீச்சர்? பேப்பர்ல போடல. கண்டுபிடிக்க முடியுமான்னு பாக்கறேன்.” குழாய் ஒழுகுகிறது, வாளியை மாற்ற வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன். வாளி பாதிகூட நிறைந்திருக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

மடிக்கணினியை விட்டுப் போயிருக்கிறாள். நான்கு தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் நூறு பேர். சோதனைக்காகத் தற்காலிகப் பெயர்களைப் போட்டிருக்கிறாள்: அலுவலகத்தில் இருப்பவர்கள், தன் சொந்தக்காரர்கள், பள்ளித் தோழிகள். தன் பெயரும் உண்டு. இரண்டாம் தோட்டம், வரிசை எண் எட்டு.

முதல் ஆட்டம்: அறுபது கிலோமீட்டர். மழை வந்தது, வாந்திபேதி வந்தது, எல்லாரும் போய்விட்டார்கள். இரண்டாம் ஆட்டம்: எழுபத்திரண்டு.

மவுஸ் பிடித்து மணிக்கட்டு வலிக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டேன்.

மார்ச் 13, புதன்

இருநூற்று ஆறு கிலோமீட்டர்!

பயலுக்கு மூளை உண்டு, ஆனால் பொறுமை இல்லை. (பயல் என்பது விளையாட்டை.) மழைக்கு முன் பாறை வேலை, மழையில் மர வேலை. முகாமை ஆற்றின் மேற்புறம் போட வேண்டும். வெந்நீர் அடுப்புக்கு இரண்டு பேரை ஒதுக்கினால் பத்துப் பேர் பிழைக்கிறார்கள். ஜப்பானியப் பொறியாளர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லையா, அல்லது போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்களா?

குழாய்க்காரன் வந்தான். வாசர் தேய்ந்துவிட்டதாம். மாற்றினான், பிறகும் ஒழுகுகிறது. மறுபடி கழற்றச் சொன்னேன். தலைகீழாகப் போட்டிருந்தான்.

மார்ச் 17, ஞாயிறு

திருமதி தங்கராசு உளுந்து வடை கொண்டுவந்தாள். கூடத்தில் மடிக்கணினியைப் பார்த்துவிட்டு, சூது இல்லை என்று தெரிந்ததும் சற்று ஏமாந்துபோனாள். பிறகு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பேப்பர்ல படிச்சதுலேருந்து மனசே சரியில்ல டீச்சர். எங்க மாமனார் சொல்லுவாரு, சயாமுக்குப் போனவங்களுக்கு ஒரு கருமாதிகூடக் கிடையாது, என்னிக்குச் செத்தாங்கன்னே தெரியாதுல்ல. பொண்டாட்டிமாருங்க பொட்ட அழிக்கறதா வெச்சுக்கறதான்னு தெரியாம கெடந்தாங்களாம். உங்க அப்பாவும் பாவம். இத்தனை வருசம் பக்கத்து வீட்டுல இருந்து ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க.”

வடை மொறுமொறுப்பாக இருந்தது. மிளகு சற்றுத் தூக்கல். ஒன்றுதான் சாப்பிட்டேன்.

மார்ச் 20, புதன்

முன்னூற்று நாற்பது.

இன்று என் கையை நானே கவனித்தேன். சில சுற்றுகளுக்கு ஒரு முறை திரை கேட்கிறது: “தோட்டத்திலிருந்து நாற்பது பேர் தேவை. பெரட்டு எடுக்கவும்.” காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறாள், பாராட்ட வேண்டும். பெயர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியது விளையாடுபவர். மூன்று ஆட்டங்களாக எட்டாம் எண் வரும்போதெல்லாம் என் விரல் தாண்டிப் போகிறது.

அப்பா சுங்கை லெம்பா தோட்டத்தின் கிராணி. ஆபீஸில் எழுதுகிற வேலை. எங்கள் வீட்டில் அழிரப்பர் கிடையாது. ஆயிரம் ஏக்கர் ரப்பர் மரத்துக்கு நடுவில் அழிரப்பர் இல்லாத வீடு என்று சித்தப்பா கேலி செய்வார். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. மேலே ஒரே ஒரு கோடு போட வேண்டும், தப்பு என்னவென்று படிக்க முடிகிற மாதிரி. “தப்ப மறைக்கிறவன் கிராணி இல்ல, திருடன்” என்பார் அப்பா. கான்வென்ட்டில் சிஸ்டர் இம்மாகுலேட்டும் அதையேதான் வேறு சொற்களில் சொன்னார். என் மாணவிகள் ஆயிரம் பேராவது இன்றும் அப்படித்தான் கோடு போடுவார்கள்.

சித்தப்பாவின் பெயர் கண்ணுச்சாமி. அப்பாவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவருடைய சைக்கிளின் முன்கம்பியில் துண்டை மடித்துப் போட்டு, என்னை உட்காரவைத்து, ஆறு மைல் மிதித்துக் கான்வென்ட்டுக்குக் கொண்டுபோய் விடுவார். ஒன்பது வருடம். மழையில் பிளாஸ்டிக் உறையை எனக்குப் போர்த்திவிட்டு அவர் நனைவார். அவர் இல்லாவிட்டால் நான் தோட்டத்துப் பள்ளியோடு நின்றிருப்பேன். படிப்பும் இங்கிலீஷும் முப்பத்து நான்கு வருட மரியாதையும் அந்தக் கம்பியின் மேல் உட்கார்ந்து வந்தவை.

1943-இல் ஜப்பான்காரன் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்டபோது அப்பா எழுத மட்டுமே செய்தார். யாரை எடுப்பது என்று அவர் தீர்மானிக்கவில்லை.

மேலே உள்ள கடைசி வரியை அடித்துவிட்டேன். படிக்க முடிகிற மாதிரிதான்.

மார்ச் 24, ஞாயிறு

முடித்துவிட்டேன். நானூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். குறித்த காலத்துக்கு ஒரு சுற்று முன்னதாகவே!

ரூபிணி பக்கத்தில் இருந்தாள். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, “ஐயோ டீச்சர்! எங்க ஆபீஸ்ல ஒருத்தனாலயும் முடியல லா!” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நானும் எழுந்து நின்றேன். பொய் சொல்வானேன், கையைத் தூக்கினேன். எண்பத்தொரு வயதில் ஒரு முதலாளியின் வாதத்தை ஒரேயடியாக அடித்து நொறுக்கியிருக்கிறேன். திரையில் பட்டாசு வெடித்தது, எக்காளம் முழங்கியது.

பிறகு இறுதிக் கணக்குத் திரை வந்தது. நான்கு தோட்டங்களிலும் மீதம் இருப்போர்: 1.

ரூபிணி குனிந்து படித்தாள். “எட்டாம் நம்பர்... நான்தான்! டீச்சர், என்னைக் காப்பாத்திட்டீங்களா?” கீழே இழுத்துப் பார்த்தாள். விளையாட்டு எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறது. முப்பத்தொன்றாம் சுற்றில் எட்டாம் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். உடனே நீக்கியிருக்கிறேன். அந்த இடத்தில் முப்பத்தாறாம் எண், பெருமாள்.

“ஐயையோ, எங்க ஜாகாக்கார அண்ணன்! ஆபீஸ் கேட்டுல காவல் இருப்பாரு. பாவம், போன வாரம்தான் பேரன் பொறந்து எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தாரு. அவர அனுப்பிட்டீங்களே டீச்சர்!” சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு.

“எனக்கு அவரைத் தெரியாது” என்றேன்.

என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். எக்காளம் மட்டும் முழங்கிக்கொண்டே இருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

மார்ச் 25, திங்கள்

தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்தேன்.

மார்ச் 28, வியாழன்

பழைய நகரத்தில் ஒரு காப்பிக்கடைக்கு மேல்மாடி. அதுதான் நிறுவனம். கேட்டில் பெருமாள் இருந்தார். ஒல்லியான மனிதர், என்னைவிடப் பத்து வயது இளையவர். “வாங்கம்மா, படி செங்குத்தா இருக்கும், கம்பியப் புடிச்சுக்குங்க” என்றார். பேரன் பிறந்ததற்கு வாழ்த்துச் சொன்னேன். யார் சொன்னது என்று வியந்துபோனார்.

எட்வின் சியா இங்கிலீஷில்தான் பேசினார். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“ஆன்ட்டி, நீங்கள் முடித்ததைப் பார்த்தேன். அற்புதம். நான் தோற்றேன்.”

“மிசஸ் பரஞ்சோதி என்று கூப்பிடுங்கள்.”

“மிசஸ் பரஞ்சோதி. முதல் விஷயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். ஆனால் இரண்டாவது அப்படியே இருக்கிறது. என் ஊழியர்களின் பெயரை நான் விற்க முடியாது. கற்பனைப் பெயர் வைத்தால் இறந்தவர்களுக்கு அவமரியாதை. ஒரு தோட்டத்துக்காவது உண்மையான பட்டியல் வேண்டும். ஒரே ஒரு பக்கம். எண்பது வருடமாக எவரிடமும் இல்லாத ஒன்றை நான் எங்கே போய்த் தேடுவது?”

ரூபிணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு பேர் கம்ப்யூட்டர் முன்னே உட்கார்ந்திருந்தார்கள்.

கைப்பையைத் திறந்தேன். பெரட்டுப் புத்தகத்தின் ஒரு தாள். ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. எழுத்துகளைப் பூச்சி தொடவில்லை. அப்பாவின் கையெழுத்து, முத்து முத்தாக. சுங்கை லெம்பா தோட்டம், மே 1943, சயாமுக்கு. நாற்பத்தொரு பெயர்கள். திரும்பி வந்தவர்களின் பெயருக்கு எதிரே பின்னாளில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். ஒன்பது புள்ளிகள்.

ரூபிணி எழுந்து வந்தாள். தாளைத் தொடவில்லை. ஒவ்வொரு பெயராக வாய்க்குள் படித்தாள். “காளியம்மா... ரெங்கன்... சடையன்... இருளாயி...” முப்பது பெயர் தாண்டியதும் அவளால் முடியவில்லை.

“டீச்சர், இது எப்படி உங்ககிட்ட?”

எழுந்து நின்றுதான் சொன்னேன். வகுப்பில் எப்போதும் அப்படித்தான்.

“என் அப்பா சயாமுக்குப் போகவில்லை. பேப்பரில் வந்தது தவறு. அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலை எழுதியவர் அவர். நான் அதைத் திருத்தவில்லை. எல்லாரும் பரிதாபப்பட்டார்கள், வாங்கிக்கொண்டேன்.”

எட்வின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கோடு எந்த மொழியிலும் கோடுதான்.

“இது என்ன? பதினேழாம் எண்ணில் ஒரு பெயரை அடித்து, கீழே வேறு பெயர் எழுதியிருக்கிறதே.”

“அடித்திருப்பது கண்ணுச்சாமி. என் அப்பாவின் தம்பி. தம்பியை வீட்டில் வைத்துக்கொண்டு ஊரான் பிள்ளையை அனுப்புகிறாயா என்று ஜப்பான்காரன் கேட்டதால் முதலில் எழுதினார். மறுநாள் அடித்தார், சித்தப்பா பின்னாளில் சொன்னது. அந்த இடத்தில் எழுதியது ஆறுமுகம், முனியன் மகன், வயது பதினேழு. எதிரே புள்ளி இல்லை.”

கீழே காப்பிக்கடையில் யாரோ கோப்பி-ஓ இரண்டு என்று கத்தினார்கள்.

“சித்தப்பா எழுபத்துநான்கு வயது வரை இருந்தார். என்னைப் படிக்கவைத்தவர் அவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் பலகாரத்தை ஒரு வாழையிலையில் வைத்து ஓடையில் விடுவார். யாருக்கு என்று நாங்கள் கேட்டதில்லை. அப்பா இறந்த பிறகுதான் இந்தத் தாளைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வருடமாக வைத்திருக்கிறேன். என் கணவரிடம்கூடக் காட்டியதில்லை. எரித்திருக்கலாம். எங்கள் வீட்டில் அழிக்கும் பழக்கம் இல்லை.”

எட்வின் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “மிசஸ் பரஞ்சோதி, பெயர்களை மட்டும் நாங்கள் அச்சில் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கோட்டைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. உங்கள் குடும்பத்துக்கு...”

“கோட்டை எடுத்தீர்கள் என்றால் வழக்குப் போடுவேன்.”

ரூபிணி அழுதுகொண்டே சிரித்தாள். “எழுதி வாங்கிக்குங்க எட்வின். நிஜமாவே போடுவாங்க.”

“இன்னொன்று. அந்த எக்காளம்.”

“அதையும் எடுத்துவிடுகிறோம்” என்றார் முதலாளி. நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே.

படியிறங்கும்போது பெருமாள் கை கொடுத்தார். பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 31, ஞாயிறு

திருமதி தங்கராசுவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். பசாருக்கு இப்போது புதிய செய்தி.

ஏப்ரல் 4, வியாழன்

காலையில் வேலியில் ஒரு பாத்திரம். வடை. மிளகு இன்னும் தூக்கல், வேண்டுமென்றே போட்டிருக்கிறாள். இருந்த இரண்டையும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

இன்று பூட்டினார்கள். பூட்டுவதற்கு முன் எனக்குக் காட்டினார்கள்.

படுத்துக் கிடந்த எட்டு போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு பெரட்டுத் தாள். முதல் தோட்டம் சுங்கை லெம்பா, நாற்பத்தொரு பெயர்களும் அப்பாவின் கையெழுத்திலேயே. மற்ற தோட்டங்களில் வரிசை எண் உண்டு, எதிரே வெற்றுக் கோடு. பெயர் தெரியாது, ஆனால் ஆள் உண்டு. யாராவது பெயர் கொண்டுவந்தால் பிறகு நிரப்பலாம் என்று அதற்கு மட்டும் ஒரு வழி திறந்து வைத்திருக்கிறார்கள்.

ரூபிணி எனக்குத் தெரியாமல் ஒன்று செய்திருந்தாள். ஆள் கேட்கும்போது இனி விளையாடுபவர் சொடுக்கினால் போதாது. பெயரைத் தானே எழுத வேண்டும், எழுத்தெழுத்தாக. மனம் மாறினால் அழிக்க முடியாது. பின்னோக்கி அழிக்கும் விசை அந்தப் பக்கத்தில் வேலை செய்யாது. ஒரு கோடு மட்டும் போடலாம், போட்ட கோடு கடைசி வரை தெரியும். இறந்தவருக்கு மணி அடிக்கிறது, கைதிகளுக்கு அடிக்கும் அதே மணி.

வெளியாள் ஒருவனை விளையாட வைத்தார்கள். இருபது வயதுக்காரன், இதற்கென்றே பரிசெல்லாம் வாங்கியவனாம். பாறைகளை வெண்ணெய் வெட்டுவதுபோல் வெட்டினான், பாலங்களைப் போட்டான். “ஈசி லா இது” என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பெரட்டு கேட்டதும் எழுதத் தொடங்கினான். ஐந்து பெயர், ஆறு பெயர். பதினேழில் வந்து நின்றான். அடித்த பெயரையும் படித்தான், கீழே உள்ளதையும் படித்தான். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“இந்தப் பையனுக்குப் பதினேழுதான்” என்றான், யாரிடமும் அல்லாமல்.

எட்வின் என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் பல பரிசுகள் வாங்கியிருக்கிறேன்: மாநிலத்திலேயே கணக்கில் அதிகத் தேர்ச்சி, பொன்விழாப் பதக்கம், சுல்தான் கையால் ஒரு வெள்ளித் தட்டு. ஒரு பையன் ஒரு பெயரின் முன்னால் கையை எடுத்ததற்கு அவற்றில் ஒன்றும் ஈடாகாது. வென்றுவிட்டேன் என்று எழுதுகிறேன். அடிக்க மாட்டேன்.

பிறகு அவன் கோடு போட்டானா, எழுதினானா என்று கேட்கிறாயா நாட்குறிப்பே? எழுதினான். பாதை முடிய வேண்டுமே. எழுதிய பின் அரை நிமிடம் எதையும் தொடவில்லை. அந்த அரை நிமிடம் போதும் எனக்கு.

ஏப்ரல் 16, செவ்வாய்

ஆசிரியருக்கு இன்று பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகல்:

ஐயா,

மார்ச் 2-ஆம் நாள் உங்கள் நாளிதழில் என்னைப் பற்றி வந்த செய்தியில் மூன்று தவறுகள் இருந்தன. இரண்டைத் திருத்தும்படி முன்பே எழுதினேன், நன்றி, திருத்தினீர்கள். மூன்றாவதை வேண்டுமென்றே விட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

என் தந்தை சயாம் ரயில் பாதையில் இறக்கவில்லை. சுங்கை லெம்பா தோட்டத்திலிருந்து அங்கே அனுப்பப்பட்ட நாற்பத்தொரு பேரின் பட்டியலை எழுதியவர் அவர். பதினேழாம் இடத்தில் தம் தம்பியின் பெயரை அடித்துவிட்டு, முனியன் மகன் ஆறுமுகத்தின் பெயரை எழுதினார். ஆறுமுகம் திரும்பவில்லை. அடிக்கப்பட்ட பெயருக்குரியவர் என்னை வளர்த்தார். முழுப் பட்டியலையும் இத்துடன் இணைத்துள்ளேன். பழைய செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இதை வெளியிடவும்.

இந்த நாற்பத்தொரு பேரில் எவருடைய குடும்பத்தாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு இரண்டு செய்திகள். உங்கள் உறவினரின் பெயர் இப்போது ஒரு விளையாட்டில் இருக்கிறது. வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்கிறேன். அவர் புறப்பட்ட நாள் 1943 மே 19, புதன்கிழமை. திதி கொடுக்க ஒரு நாளாவது தேவைப்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஆறுமுகத்துக்கு ஒரு தங்கை இருந்ததாகச் சித்தப்பா ஒருமுறை சொல்லியிருக்கிறார். பெயர் சொல்லவில்லை. அவரோ அவர் பிள்ளைகளோ இருந்தால், என்னைத் திட்டுவதானாலும் சரி, தொலைபேசி வேண்டாம். எனக்குக் காது மந்தம். கீழ்க்கண்ட முகவரிக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

லீலாவதி பரஞ்சோதி